ஹீட் முடிந்த பெண் நாய்க்குப் பசி மாறினால்: கடலோர வீடுகளுக்கான முழு வழிகாட்டி

“ரத்தம் நின்னு ஒரு மாசம் ஆகுது, சோத்தை மோந்து பார்த்துட்டு அப்படியே போயிடுது.” மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் இந்தக் கவலையை அடிக்கடி கேட்கலாம். அதே தெருவில் இன்னொருவர் நேர் எதிராகச் சொல்வார்: ஹீட், அதாவது இணைசேரும் பருவம், முடிந்ததிலிருந்து எவ்வளவு போட்டாலும் நாய்க்குப் போதவில்லை, அடுப்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு இரண்டுமே இயல்பாக வரக்கூடியவை. இரண்டுமே உயிருக்கு ஆபத்தான நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஹீட் எந்தத் தேதியில் தொடங்கியது என்று தெரிய வேண்டும். நாய் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று தெரிய வேண்டும். சோற்றுத் தட்டை எல்லோரும் கவனிக்கிறோம். தண்ணீர்ச் சட்டியைக் கவனிப்பவர்கள் குறைவு. கருப்பையில் சீழ் கட்டும் நோய் பல நாய்களில் அந்தச் சட்டியில்தான் முதலில் தெரிகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் தண்ணீருக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: முதல் ரத்தம் பட்ட தேதியைக் காலண்டரில் குறியுங்கள்

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். தரையில் முதல் சொட்டு ரத்தம் பார்த்த அன்று ஒரு வட்டம் போடுங்கள். அதற்கு முன்பே பெண்ணுறுப்பு வீங்கத் தொடங்கியிருக்கும், ஆனால் கணக்குக்கு இந்த நாள் போதும்.

அதிலிருந்து ஏறக்குறைய ஒன்பது நாள் ரத்தப்போக்கு. ஆண் நாய்கள் சுற்றி வரும், பெண் நாய் விடாது. அடுத்த ஒன்பது நாள் அளவில் போக்கு வெளிறி, வாலை ஒதுக்கி நின்று இணைசேர விடும். இந்த நாட்கள் நாய்க்கு நாய் மாறும். மொத்தத்தில் ஹீட் என்பது மூன்று வாரக் கணக்கு. அந்த மூன்று வாரத்திலேயே பல நாய்கள் அரைத்தட்டுதான் சாப்பிடும். வாசலில் ஆண் நாய்கள் காத்திருக்கும்போது அதற்குச் சோற்றில் கவனம் போகாது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அதற்கு அப்புறம் வரும் இரண்டு மாதங்களை. சினைமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடலில் ஏறி, இரண்டு மாதம் வரை உயர்ந்தே இருக்கும். நாய் சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வளவு நாள் அது உயர்ந்தே நிற்கும். மனிதர்களுக்கும் நாய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. நாயின் உடல் ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் சினைக்குத் தயாராகி நிற்கிறது. பசி ஏறுவது, இறங்குவது, மடி பெருப்பது, குணம் மாறுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பொங்கலன்று, ஜனவரி 15இல், முதல் ரத்தம் என்று வையுங்கள். இணைசேரும் நாட்கள் ஜனவரி கடைசியை ஒட்டி வரும். பிப்ரவரி முதல் வாரம் ஹீட் முடியும். சினையாகியிருந்தால் பிப்ரவரி பிற்பகுதியில் சில நாள் பசி குறையும். குட்டி மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் பத்து நாளிலோ வரும். சினையில்லை என்றால், பொய்ச்சினை (சினையாகாமலே உடம்பு சினை போல நடந்துகொள்வது) அறிகுறிகள் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை தலைகாட்டும். கருப்பைச் சீழ் நோய்க்கான கவனம் பிப்ரவரி நடுவில் தொடங்கி மே முதல் வாரம் வரை வேண்டும். உங்கள் நாயின் தேதியை வைத்து இதே போல எழுதி வையுங்கள்.

ஊரில் நாய்கள் சேரும் காலம் என்றால் கார்த்திகை, மார்கழியைத்தான் சொல்வார்கள். தெரு நாய்களுக்கு அது ஓரளவு பொருந்தும். வீட்டில் சாப்பிட்டு வளரும் நாய் எந்த மாதமும் ஹீட்டுக்கு வரும். சராசரியாக ஏழு மாதத்துக்கு ஒரு முறை. மாதத்தை வைத்து ஊகிக்க வேண்டாம், தேதியை எழுதுங்கள்.

படி 2: இணைசேர்ந்ததா என்பதற்கு நேர்மையான பதில் சொல்லுங்கள்

“எங்க நாய் வெளியவே போகலை” என்று உறுதியாகச் சொல்லும் வீடுகளில் பனைமட்டை வேலி இருக்கும், கொல்லைப்புறத்தில் மணல் இருக்கும். மணலைப் பறித்துக்கொண்டு ஆண் நாய் உள்ளே வர அரை மணி நேரம் போதும். ஹீட் நாட்களில் பத்து நிமிடம் கண் மறைந்திருந்தாலும் “சேர்ந்திருக்கலாம்” என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடமும் அப்படியே சொல்லுங்கள். சினை என்று தெரியாமல் கொடுக்கும் சில மருந்துகள் குட்டிகளைப் பாதிக்கும்.

சினையை வயிற்றைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. இணைசேர்ந்து நான்கு வாரம் ஆன பிறகு ஸ்கேன் எடுத்தால் தெளிவாகத் தெரியும். குட்டிகளை எண்ண எக்ஸ்ரே வேண்டும். எலும்பு கெட்டிப்பட்ட பிறகுதான் அதில் தெரியும் என்பதால் 55 நாளை ஒட்டி எடுப்பது நல்லது.

படி 3: தண்ணீரை அளந்து பாருங்கள்

நல்ல ஆரோக்கியமான நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். நம் பக்கத்து நாட்டு நாய் 15 கிலோ இருக்கும் என்றால் 900 மில்லி வரை வருகிறது. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அதே நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு.

அளப்பது எளிது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் இரண்டு பாட்டில் ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். சட்டியை நிழலில், கோழியும் காக்கையும் வராத இடத்தில் வைக்க வேண்டும். வேறு சட்டி, தொட்டி, குழாயடி எதையும் அந்த ஒரு நாள் அணுக விடாதீர்கள்.

நம் கடற்கரையில் இந்தக் கணக்கைக் குழப்பும் விஷயங்கள் இரண்டு உண்டு. முதலாவது கருவாடு. மணலில் காயப்போட்ட கருவாட்டை ஒரு வாய் கவ்விக்கொண்டு போன நாய் அன்று முழுக்கத் தண்ணீரைத் தேடும். வீட்டிலும் கருவாட்டுக் குழம்புச் சோறு போடும் பழக்கம் இருக்கும். உப்பினால் வந்த தாகமா, நோயினால் வந்த தாகமா என்று அப்போது சொல்லவே முடியாது. கருவாட்டை நிறுத்திவிட்டு அடுத்த நாள் அளந்து பாருங்கள். இரண்டாவது நம் ஊர்த் தண்ணீர். பல இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பு. குடிக்கக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். நாய்க்கு உவர்நீரைத்தானே வைக்கிறோம்? சில நாய்கள் அதை வேண்டா வெறுப்பாகத்தான் குடிக்கும், அதனாலேயே சாப்பாடும் குறையும். அளக்கும் நாளிலாவது வீட்டு மனிதர்கள் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள்.

சித்திரை வெயிலில் இந்த அளவு கொஞ்சம் கூடும். கஞ்சியாகச் சாப்பிடும் நாய்க்குக் குறையும். ஆனால் சாப்பாடு குறைந்து தண்ணீர் இரட்டிப்பானால் அதை வெயிலின் தலையில் கட்டாதீர்கள். கருப்பையில் பெருகும் கிருமியின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடுகிறது. நாய் தண்ணீராகவே மூத்திரம் பெய்கிறது, இழந்ததை ஈடுகட்டக் குடித்துக்கொண்டே இருக்கிறது. இதுவரை வீட்டுக்குள் அசுத்தம் செய்யாத நாய் ராத்திரியில் திண்ணையை நனைக்கத் தொடங்கினால் அதுவும் இதே அடையாளம்தான்.

படி 4: பகல் வெளிச்சத்தில் உடம்பைப் பாருங்கள்

வெளிச்சமான இடத்தில், நாய் அமைதியாக இருக்கும்போது. ஆனால் தொடுவதற்கு முன் ஒன்று. ஹீட் நாட்களில் ஆண் நாய்கள் கூட்டமாக வந்து சண்டை போட்டிருக்கும், உங்கள் நாயும் கடிபட்டிருக்கலாம். வெறிநோய் கடித்த அன்றே தெரியாது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்துத்தான் வரும். அதனால் ஹீட் முடிந்த ஓரிரு மாதத்தில் சாப்பாட்டை வெறுக்கும் நாயிடம் இதையும் மனதில் வையுங்கள். எச்சில் ஒழுகுகிறதா, தாடை தொங்குகிறதா, குரல் மாறியிருக்கிறதா, தெரிந்தவர்களையே சீறுகிறதா, விழுங்கத் திணறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தொண்டையில் முள் மாட்டியிருக்கும் என்று வாய்க்குள் விரலை விடாதீர்கள். தனியாக அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டாலோ கடித்தாலோ, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். தடுப்பூசி தவறாமல் போட்ட நாயிடம் இந்தப் பயம் மிகக் குறைவு.

அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை என்றால் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். வெளுத்தோ மஞ்சளித்தோ இருந்தால் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். காது மடிப்பு, கழுத்து, கால்விரல் இடுக்கு என்று விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து வாலுக்கடியில். ஹீட் முடிந்து சில நாள் கொஞ்சம் தெளிவான கசிவு இருக்கலாம். மஞ்சள், பச்சை, செம்பழுப்பு நிறத்தில் நாற்றத்தோடு வந்தால் அது சீழ். நாய் ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்துவிடும் என்பதால் படுத்த இடத்தையும் பாருங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்து வைத்தால் கறை மறையாது. ஹீட் முடிந்தும் வாரக்கணக்கில் ரத்தம் சொட்டுகிறது, நாய் நன்றாகச் சாப்பிடுகிறது என்றால், இணைசேர்க்கையில் தொற்றும் ஒரு வகைக் கட்டி இருக்கலாம். தெருநாய்களிடம் இது சகஜம், ஊசி மருந்தில் நன்றாகக் குணமாகும்.

வயிறு உப்பியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள். சீழ் நிறைந்த கருப்பை அழுத்தத்தில் கிழிந்துவிடலாம்.

தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஒன்றை மறக்க வேண்டாம்: கருப்பைச் சீழ் நோயில் காய்ச்சல் இல்லாமலும் இருக்கும், முற்றினால் உடம்பு குளிர்ந்தும் போகும். “சூடு இல்லை, அதனால் ஒன்றும் இல்லை” என்று முடிவு கட்ட முடியாது.

படி 5: தேதி, தண்ணீர், உடம்பு மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்

இணைசேர்ந்து மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது, ஒருவேளை காலையில் கொஞ்சம் நுரையாக வாந்தி, தண்ணீர் வழக்கம்போல, வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. இது பெரும்பாலும் சினையின் மசக்கை. சில நாளில் தானாகச் சரியாகி, அப்புறம் பசி ஏறத் தொடங்கும். பசி கூடுவது ஐந்தாறு வாரத்துக்குப் பிறகுதான் நன்றாகத் தெரியும். கடைசி நாட்களில் வயிற்றில் இடமில்லாமல் மறுபடி குறையும். உடல் சூடு 99 டிகிரிக்குக் கீழே இறங்கி, சாப்பாட்டைத் தொடவே இல்லை என்றால் ஒரு நாளுக்குள் குட்டி போடும் என்று பொருள்.

ஹீட் முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வருவது பொய்ச்சினை. புரோஜெஸ்டிரோன் இறங்கும்போது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. மடி பெருக்கும், பால் கூடக் கட்டும். நாய் மண்ணைப் பறித்து மறைவிடம் தேடும். கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில், வலையிலிருந்து கழன்ற ஒரு மிதவையை இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு படுத்திருந்த நாயைப் பார்த்திருக்கிறேன். மிதவையை நக்கிக்கொண்டே இருந்தது. சோற்றைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தபோது, அதை விட்டு எழ மனமில்லாமல், கழுத்தை மட்டும் நீட்டிக் குழம்பை நக்கிவிட்டு மறுபடி மிதவையின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. வீட்டுக்கார அக்கா, “குட்டிக்கு ஏங்குது, பாவம்” என்றார். அந்தப் பாவம் உண்மைதான், ஆனால் அதற்காகக் குட்டி போட வைக்க வேண்டியதில்லை. குட்டி போட்ட நாய்க்கும் அடுத்த முறை பொய்ச்சினை வரலாம்.

இதில் நாய் மந்தமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் இயல்பாக இருக்கும், சீழ் இருக்காது, கூப்பிட்டால் வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, மடியைத் தொடாமல் இருப்பது. பாலைக் கறந்தாலோ, எண்ணெய் தடவி உருவினாலோ, ஒத்தடம் கொடுத்தாலோ சுரப்பு கூடத்தான் செய்யும். தானே நக்கினாலும் கூடும் என்பதால் பழைய பனியனை மாட்டிவிடுங்கள். அணைத்துக்கொள்ளும் பொருளை நாய் தூங்கும்போதோ நடக்கப் போயிருக்கும்போதோ எடுத்து மறையுங்கள். கண்முன் பிடுங்கினால் சாதுவான நாயும் கடிக்கும். காலையும் மாலையும் கொஞ்சம் அதிகமாக நடக்கக் கூட்டிப்போங்கள். மடி சூடாகிக் கல் போல இறுகிப் போனாலோ, மூன்று வாரத்தைத் தாண்டினாலோ மருத்துவர் கேபர்கோலின் போன்ற மருந்து தருவார். வாந்திக்கு ஊசி போடப் போனால், பால் கட்டியிருப்பதை முதலில் சொல்லுங்கள். வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு புரோலாக்டினைக் கூட்டும். தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்.

இனி நான் அதிகம் பயப்படும் நோய். பயோமெட்ரா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். கருப்பையில் சீழ் கட்டுவது. ஹீட் முடிந்து இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை வரலாம். புரோஜெஸ்டிரோன் கருப்பையின் உள்சுவரைத் தடிமனாக்கி, சுரப்பைக் கூட்டி, கருப்பை சுருங்குவதைத் தடுக்கிறது. ஹீட்டின்போது கருப்பை வாய் திறந்திருக்கையில் உள்ளே போன கிருமி அங்கே சுகமாகப் பெருகுகிறது. ஒவ்வொரு ஹீட்டிலும் இந்தத் தடிமன் சேர்ந்துகொண்டே போவதால் ஐந்தாறு வயதைத் தாண்டிய நாய்களிடம் அதிகம். இளம் நாய்களுக்கும் வராமல் இல்லை. ஹீட்டைத் தள்ளிப்போடப் புரோஜெஸ்டிரோன் வகை ஊசி போட்ட நாய்க்கு ஆபத்து கூடுதல்.

இது இரண்டு வகை. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வரும், நமக்கும் தெரியும். மூடியிருந்தால் ஒரு சொட்டும் வராது. வயிறு உப்பும், நாய் சோர்ந்து சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகை சீக்கிரம் கொல்லும். சீழ் இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹீட் முடிந்து மூன்று மாதத்துக்குள், சாப்பாடு குறைந்து தண்ணீர் கூடினால், வேறு ஒரு அறிகுறிக்கும் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள். “ரெண்டு நாள் பார்ப்போம்” என்ற பேச்சு இங்கே வேண்டாம்.

உண்ணிக் காய்ச்சல் எந்த மாதமும் வரும், ஹீட்டோடு தொடர்பில்லை. ஆனால் தேதி ஒத்துப்போனதால் “ஹீட் முடிஞ்ச சோர்வு” என்று விட்டுவிடுகிறோம். சாப்பிடாமை, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், தோலில் செம்புள்ளி, காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் எது இருந்தாலும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

கடைசியாக, பசி கூடிய நாய்கள். புரோஜெஸ்டிரோன் சில நாய்களின் பசியைத் தூண்டும். கொஞ்சம் சதை போடும், இரண்டு மாதத்தில் அடங்கும். ஆனால் நிறையச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறது, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது என்றால் சர்க்கரை நோயைப் பாருங்கள். இந்த ஹார்மோன் காலத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது நடுவயதுப் பெண் நாய்களிடம் நடக்கக்கூடியது. சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பாருங்கள், பிறகு ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்துக் கருப்பையோடு சூலகத்தையும் எடுத்தால் சில நாய்களுக்குச் சர்க்கரை இறங்கியே போகும்.

படி 6: என்ன போடுவது, எப்படிப் போடுவது

தண்ணீர் இயல்பு, உடம்பில் வேறு குறையில்லை, நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் மட்டும் வீட்டில் முயற்சி செய்யலாம்.

ஒரே வேளை பெரிய தட்டுக்குப் பதில் மூன்று சிறிய வேளையாகப் பிரியுங்கள். லேசான சூட்டில் வையுங்கள், வாசனை எழும்பும். இருபது நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் மீன் சோறு ஒரு மணி நேரத்தில் ஈ மொய்த்துக் கெட்டுவிடும், அதைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் எது எதனால் என்றே தெரியாமல் போகும். வெயிலுக்கு முந்திய காலையும், பொழுது சாய்ந்த பிறகும் நல்ல நேரம். வாயைப் பிளந்து ஊட்ட வேண்டாம்.

சூடையோ காரலோ கையில் கிடைத்த மீனை வெறும் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, முள்ளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குழைந்த சோற்றோடு பிசைந்து, வேகவைத்த தண்ணீரையும் கொஞ்சம் ஊற்றுங்கள். உப்பு, மிளகாய், புளி எதுவும் வேண்டாம். வேகவைத்த முட்டையும் நல்லது. பச்சை மீனை நான் சிபாரிசு செய்வதில்லை: சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, அதே மீனை நாள்தோறும் பச்சையாகத் தின்னும் நாய்க்குப் பசியே குறையும். வேகவைத்தால் அந்தப் பொருள் போய்விடும். மிச்சமான மீன் குழம்பை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், சின்ன வெங்காயம் நிறையப் போட்ட நம் குழம்பில் இரண்டுமே தாராளம்.

கரையில் இன்னொரு ஆபத்து பேத்தை மீன். வலையில் வந்ததை மீனவர்கள் பிரித்து மணலில் எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் கொடிய நஞ்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. கரைக்குப் போய்வந்த நாய் திடீரென்று வாந்தி எடுத்து, கால் தளர்ந்து விழுந்தால், அது ஹீட் சம்பந்தப்பட்டதே அல்ல, நேராக மருத்துவமனைக்கு. தூண்டில் முள்ளையும் நைலான் நரம்பையும் மீன் குடலோடு விழுங்கிய நாயும் சாப்பிடாது, ஓங்கரிக்கும். வாயிலோ பின்னாலோ நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் துறைமுகத்தில் கழிவு குறையும், விலை ஏறும். மீன் தலையிலேயே வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வெறும் சோறும் ரசமும் வந்தால் அது முகத்தைத் திருப்பத்தான் செய்யும். பசி குறைந்ததா, பிடித்த சாப்பாடு நின்றதா என்று அப்போது கேட்டுப் பாருங்கள். மேலே போட்ட பொங்கல் கணக்கில் குட்டி ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறது. குட்டிக்கு மூன்று நான்கு வாரம் ஆகும்போதுதான் தாய்க்குப் பால் உச்சத்தில் இருக்கும், வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். அந்த வாரம் சரியாகத் தடைக்காலத்துக்குள் விழுகிறது. முட்டை, கோழிக்கடைக் கழிவில் கிடைக்கும் ஈரல், வேகவைத்த பருப்பு, கடையில் விற்கும் குட்டி நாய்த் தீவனம் இவற்றில் எது கைக்கு எட்டுமோ அதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மார்ச் மாதமே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினால் நாய் மறுக்காது.

சினை நாய்க்குக் கால்சியம் மாத்திரை நல்லது என்று கொடுக்க வேண்டாம். முன்கூட்டி அதிகக் கால்சியம் கொடுத்தால் உடல் தானாக எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு மந்தமாகி, குட்டி போட்ட பிறகு வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. பாராசிட்டமால், புரூஃபென் போன்ற நம் வீட்டு மாத்திரைகளும் கூடாது.

எல்லாம் செய்தும் ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டு, மற்றபடி நன்றாக இருக்கும் நாய்க்கு மூன்று நான்கு நாள் பொறுக்கலாம்.

படி 7: மருத்துவரிடம் போகும்போது

காலண்டர்த் தேதி, தண்ணீர் அளவு, இணைசேர்ந்த வாய்ப்பு, ஏற்கெனவே போட்ட ஊசிகள், சீழ் இருந்தால் கறைபட்ட துணியின் படம். இதெல்லாம் போனில் இருந்தால் பத்து நிமிடப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். “சாப்பிட மாட்டேங்குது” என்று மட்டும் சொன்னால், வரிசையில் ஆடு மாடுகளோடு நிற்பவர்களுக்கு நடுவில், பசிக்கு ஒரு டானிக் எழுதித் தரப்படும் வாய்ப்பு அதிகம். “ஹீட் முடிஞ்சு அஞ்சு வாரம், ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் குடிக்குது டாக்டர், கருப்பையில சீழ் இருக்குமான்னு பாருங்க” என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். சீழ் உறுதியானால் குளுக்கோஸ் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் போட்டு, கருப்பையையும் சூலகத்தையும் எடுப்பதுதான் நம்பகமான சிகிச்சை. மாத்திரையால் மட்டும் சமாளித்தால் அடுத்த ஹீட்டில் திரும்ப வரும் வாய்ப்பு பெரிது.

இங்கே தூரம்தான் சிக்கல். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரை 170 கிலோமீட்டர் அளவில். மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரிய ஊர் பக்கத்தில் இல்லை. எல்லா இடத்திலும் நாய்க்கு ஸ்கேனும் அறுவையும் இருக்காது. கிளம்பும் முன்பே போன் செய்து கேளுங்கள். கால்நடை உதவிக்கான 1962 எண்ணிலும் கேட்டுப் பார்க்கலாம். திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வாடகை வண்டி வைத்திருப்பவர்களில் நாயை ஏற்றிக்கொள்பவர் யார் என்று நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தேடினால் கிடைக்காது. வண்டியில் வயிற்றை யாரும் அழுத்திப் பிடிக்காமல், துணி விரித்துப் பக்கவாட்டில் படுக்க விடுங்கள்.

படி 8: அடுத்த ஹீட்டுக்கு முன்

குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் கருத்தடை அறுவையை ஹீட் முடிந்து மூன்று மாதம் வாக்கில் வைத்துக்கொள்ளலாம். ஹீட்டின்போது ரத்த ஓட்டம் அதிகம். பொய்ச்சினை நடந்துகொண்டிருக்கும்போது செய்தால் புரோஜெஸ்டிரோன் சட்டென்று விழுந்து, பால் சுரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். மடி முழுதும் வற்றி, குணம் பழையபடி திரும்பிய பிறகு செய்வதுதான் சரி. கருப்பைச் சீழுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது, அது அன்றே செய்ய வேண்டிய அறுவை. “ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது” என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

குட்டி வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் அளப்பதை வழக்கமாக்குங்கள். நன்றாக இருக்கும்போது எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தால்தான் கூடியதும் தெரியும்.

அறுவைக்குப் பிறகு பசி வேறு விதமாக மாறும். ஹார்மோன் ஏற்ற இறக்கம் நின்றுவிடும், ஆனால் பசி நிரந்தரமாகக் கொஞ்சம் கூடும். உடலுக்குத் தேவையான சாப்பாடோ முன்பைவிடக் கால் பங்கு வரை குறையும். தையல் ஆறியதும் சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனையும் முட்டையையும் அப்படியே வையுங்கள். மாதம் ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, அதே காலண்டரில் எழுதி வாருங்கள். விலா எலும்பு கையில் தட்டுப்படுகிற வரைக்கும் அளவு சரி.